மெஷினில் 228, லேப்பில் 200: எந்த சுகர் நிஜம்? குழப்பத்தில் தவிக்கும் நோயாளிகள்

கிருஷ்ணகிரி:-

காலை டிபன் முடித்து 2 மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 228. பதறியடித்துக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் உள்ள லேப்புக்கு ஓடி, கையில் ஊசி போட்டு ரத்தம் கொடுத்தால் 200. கால் மணி நேர இடைவெளியில் 28 பாயிண்ட் எங்கே போனது?

"மெஷின் டூப்ளிகேட்டா? இல்ல லேப்காரங்க தப்பா போட்டுட்டாங்களா?"

சர்க்கரை நோயாளி இருக்கிற எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். மெஷின் விற்ற மருந்துக்கடைக்காரர் லேப்பை குறை சொல்வார். லேப்காரர் மெஷினை குறை சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நோயாளிதான்.

விஷயம் என்னவென்றால், மேலே சொன்ன 228, 200 இரண்டுமே சரியாக இருக்கலாம். இதைக் கேட்டால் பலருக்கும் தலை சுற்றும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையை கூட்டுவதும் குறைப்பதும்தான் ஆபத்து.

வீடு தேடி வரும் மெஷின்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில் நாடு முழுக்க நடத்தி 2023-ம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில் நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக கணக்கிட்டார்கள். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். தெருவுக்கு நாலு பேர் என்ற காலம் போய் வீட்டுக்கு ஒருவர் என்ற நிலைமை வந்துகொண்டு இருக்கிறது.

இத்தனை பேருக்கும் லேப்பில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் கையடக்க மெஷின் ஊர் ஊராக வந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பதும் இந்த மாதிரி கருவிகளில்தான்.

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். லேப்புக்குப் போனால் அரை நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. மெஷினில் ஒரு சொட்டு ரத்தம் போதும், சில நொடியில் முடிவு தெரிந்துவிடும். 1970-ல் அமெரிக்காவில் ரத்த சர்க்கரை மீட்டர் முதலில் வந்தபோது அதன் எடையே ஒரு கிலோவுக்கு மேல். டாக்டர்களுக்காக மட்டும் விற்றார்கள். இன்றைக்கு சட்டைப் பையில் அடங்கிவிட்டது. அதனால் மெஷினை குறை சொல்வதற்காக யாரும் இதைப் படிக்க வேண்டாம். மெஷின் எதற்கு, லேப் எதற்கு என்பதுதான் கேள்வி.

இரண்டும் ஒரே ரத்தம் இல்லை

லேப்பில் முழங்கை மடிப்பில் ஊசி போட்டு எடுப்பது நரம்பில் ஓடும் ரத்தம். அதை மெஷினில் சுழற்றி, சிவப்பு அணுக்களைத் தனியாகப் பிரித்து, மேலே நிற்கும் மஞ்சள் நிற பிளாஸ்மா நீரில் மட்டும் சர்க்கரையை அளக்கிறார்கள். விரல் நுனியில் வருவது நுண்குழாய் ரத்தம். சிவப்பு அணு, பிளாஸ்மா எல்லாம் கலந்த முழு ரத்தம். ஸ்டிரிப் அதை அப்படியே வாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு கணக்கைப் போட்டு 'பிளாஸ்மாவாக இருந்தால் இவ்வளவு இருக்கும்' என்று காட்டுகிறது.

வெறும் வயிற்றில் பார்த்தால் இரண்டு ரத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது. சாப்பிட்ட பிறகுதான் சிக்கல். சாப்பாட்டில் இருந்து வந்த சர்க்கரையை ரத்தம் முதலில் விரல் நுனி வரைக்கும் கொண்டுபோகிறது. வழியில் உள்ள தசைகள் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம்தான் திரும்பி வரும் நரம்பில் இருக்கும். அதனால் சாப்பிட்ட பின் விரலில் 20, 30 பாயிண்ட் கூடுதலாக காட்டுவது உடம்பின் இயல்பு. மெஷின் மேல் தப்பு இல்லை.

உலக சுகாதார நிறுவனமே இதை ஒத்துக்கொண்டு இரண்டு அளவு வைத்திருந்தது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் கழித்து நரம்பு ரத்தத்தில் 200 இருந்தால் சர்க்கரை நோய். அதே விரல் ரத்தத்தில் பார்த்தால் 220 இருக்க வேண்டும். கிராமம் கிராமமாகப் போய் கணக்கெடுக்கிற ஆய்வுகளில் விரல் ரத்தம்தான் பார்ப்பார்கள். அங்கே இந்த 20 பாயிண்ட் கழிவு இல்லாமல் போனால் ஆயிரக்கணக்கான பேர் தேவையில்லாமல் நோயாளி ஆகிவிடுவார்கள்.

15 சதவீத தள்ளுபடி

அடுத்தது பலருக்கும் தெரியாத சங்கதி. வீட்டு மெஷின் கொஞ்சம் கூட குறைய காட்டுவதற்கு சர்வதேச விதியே அனுமதி கொடுத்திருக்கிறது.

ஐ.எஸ்.ஓ. 15197 என்று ஒரு தர விதி. 2013-ல் திருத்தியது. லேப் அளவு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால், மெஷின் அதைவிட 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். 100-க்கு கீழ் இருந்தால் 15 பாயிண்ட் கூடவோ குறையவோ காட்டலாம். அதுவும் 100 தடவை பார்த்தால் 95 தடவை இந்த வரம்புக்குள் வந்தால் போதும். இதற்கு முன்னால் 2003-ல் போட்ட விதியில் 20 சதவீதம் வரைக்கும் விட்டிருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப்பில் 200 என்றால், நல்ல மெஷின் 170-ல் இருந்து 230 வரைக்கும் எதை வேண்டுமானாலும் காட்டலாம். அண்ணன் வீட்டு மெஷினில் 172, தம்பி வீட்டு மெஷினில் 228 என்று வந்தாலும் இரண்டும் பாஸ்தான். தினம் 2 வேளை பார்க்கிற ஒருவர் மாதத்தில் 60 தடவை பார்க்கிறார். விதிப்படியே அதில் 3 தடவை இந்த வரம்பைத் தாண்டி வந்தாலும் மெஷினை குறை சொல்ல முடியாது.

இந்த 95 தடவை கணக்கும் பயிற்சி எடுத்தவர்கள், சுத்தமான கையில், புது ஸ்டிரிப் போட்டுப் பார்த்ததில் வந்தது. வேலை முடிந்து வந்த கையோடு திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதில் இன்னும் கூடுதலாகத்தான் தள்ளிப்போகும்.

உயிரோடு விளையாடும் இடம்

200-ஐ 228 என்று காட்டினால் ஒரு நாள் கவலை. அவ்வளவுதான். கீழே வரும்போதுதான் விளையாட்டு வினையாகும்.

சர்க்கரை 70-க்கு கீழ் போனால் தாழ்நிலை. 54-க்கு கீழ் போனால் ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டு வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் மயக்கம், வலிப்பு. நிஜத்தில் 60 இருக்கும்போது மெஷின் 75 காட்டலாம். விதிப்படி அதுவும் பாஸ். 'எழுபத்தஞ்சு இருக்கே, நார்மல்தான்' என்று படுத்துத் தூங்கினால் என்ன ஆகும்?

அதனால்தான் டாக்டர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்ப சொல்கிறார்கள். உடம்பு ஒன்று சொல்லி மெஷின் வேறொன்று சொன்னால், உடம்பு சொல்வதை முதலில் கேளுங்கள். வியர்த்து நடுங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 3 ஸ்பூன் சர்க்கரையை தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கையைக் கழுவி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள், கணையத்தைத் தூண்டும் கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். மெஷினில் ஒரு நாள் 260 வந்துவிட்டது என்று தானாகவே மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. நிஜ அளவு 225 ஆக இருந்திருக்கலாம். அன்று இரவு சாப்பாடும் குறைந்து, மாத்திரையும் கூடினால் விடியற்காலையில் சர்க்கரை படுத்துவிடும்.

ரத்த சோகை கிளப்பும் குழப்பம்

நம் ஊர் பெண்களுக்கு இது முக்கியம். உடம்பில் ரத்தம் குறைவாக இருந்தால், அதாவது சிவப்பு அணு குறைவாக இருந்தால், மெஷின் சர்க்கரையை நிஜத்தைவிட கூடுதலாக காட்டும். ஸ்டிரிப் போடுகிற கணக்கு, சாதாரண அளவு சிவப்பு அணு இருக்கிறது என்று நினைத்துப் போடுகிற கணக்கு. அணு குறைந்தால் கணக்கு தப்பும். புது மெஷின்களில் சிலவற்றில் இதையும் அளந்து திருத்திக்கொள்கிற வசதி உண்டு. விலை மலிவான மெஷின் எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் எத்தனை பெண்களுக்கு ரத்த சோகை? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி 15 முதல் 49 வயது பெண்களில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல். அப்படியானால் சர்க்கரையும் ரத்த சோகையும் சேர்ந்து இருக்கிற அம்மாவுக்கு மெஷின் காட்டுகிற எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 53.4 சதவீதக் கணக்கே கையடக்க மெஷினில் விரலைக் குத்திப் பார்த்து எடுத்ததுதான். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. விரலை அமுக்கிப் பிழிந்தால் ரத்தத்தோடு சதையில் உள்ள நீரும் கலந்து, ரத்த அளவு குறைவாக காட்டும் என்று நிபுணர்கள் ஆட்சேபம் கிளப்பினார்கள். 2015-16 குடும்ப நல ஆய்வில் விரல் ரத்தத்தில் பார்த்தபோது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. 2016-18-ல் நடந்த இன்னொரு தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பு ரத்தம் எடுத்து லேப் மெஷினில் பார்த்தபோது 1 முதல் 4 வயது குழந்தைகளில் அது சுமார் 41 சதவீதம். வயது வரம்பு கொஞ்சம் வேறு என்றாலும் இடைவெளி பெரிது. கடைசியில் ஆறாவது குடும்ப நல ஆய்வில் ரத்த சோகை பரிசோதனையையே எடுத்துவிட்டு, நரம்பு ரத்தம் எடுத்துப் பார்க்கிற தனி ஆய்வுக்கு மாற்றினார்கள்.

ஒரு நாட்டின் கணக்கையே கையடக்க மெஷின் இப்படி ஆட்டி வைக்கிறது என்றால், தனி மனிதர் எம்மாத்திரம்?

மாம்பழக் கையும் ஸ்பிரிட் பஞ்சும்

கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம். சீசனில் தோப்பிலும் மாங்கூழ் கம்பெனிகளிலும் ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். பழம் நறுக்கிய கையோடு சுகர் பார்த்தால் என்ன ஆகும்?

2011-ல் ஜப்பான் டாக்டர்கள் இதை சோதித்துப் பார்த்து மருத்துவ இதழில் எழுதினார்கள். சர்க்கரை நோயே இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரல் ரத்தம் பார்த்தார்கள். நோய் இல்லாதவருக்கு வரவே கூடாத உயரத்துக்கு எண் எகிறியது. ஸ்பிரிட் பஞ்சால் 5 தடவை துடைத்தும் சரியாகவில்லை. சாதாரண குழாய் தண்ணீரில் கை கழுவித் துடைத்ததும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அங்கே உரித்தது மாம்பழம் இல்லை. ஆனால் மாம்பழச் சாற்றிலும் குளுக்கோஸ் இருக்கிறது.

ஏன் இவ்வளவு எகிறுகிறது? மெஷினுக்குப் போகும் ரத்தம் கடுகளவுகூட இல்லை. ஒரு மில்லியை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, சில மெஷினுக்கு அதிலும் பாதி. சர்க்கரை 100 உள்ளவரின் அந்தத் துளி ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸ், ஒரு கிராமை 10 லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான். விரலில் அதே அளவு பழச்சாறு குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் 100 என்பது 200 ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாத பிசுக்கு போதும்.

எனவே ஸ்பிரிட்டைவிட சோப்பும் தண்ணீரும் மேல். கழுவிய பிறகு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் குறைவாக காட்டும். விரலைப் பிழியக் கூடாது. கையைத் தொங்கப்போட்டு, உள்ளங்கையில் இருந்து லேசாக நீவிவிட்டால் ரத்தம் தானாக வரும்.

டப்பா மூடி திறந்திருந்தால் போச்சு

மெஷின் வெறும் கணக்குப்பிள்ளை. உண்மையான வேலை செய்வது ஸ்டிரிப்தான். அதில் தடவியிருக்கும் என்சைம் மருந்து ரத்த சர்க்கரையோடு வினை புரிந்து சிறு மின்சாரம் உண்டாக்குகிறது. அந்த மருந்துக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. பெரும்பாலான ஸ்டிரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதத்தில் தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை. டி.வி. மேலும் சமையல்கட்டு ஷெல்பிலும் வைப்பது சுத்தமாக ஆகாது. வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்துவது இன்னும் மோசம்.

ஒரு ஸ்டிரிப் 10 ரூபாயில் இருந்து 25 ரூபாய் வரை விற்கிறது. காசு போகிறதே என்று தேதி முடிந்த ஸ்டிரிப்பை ஓட்டுகிறவர்கள் உண்டு. அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு டப்பா வாங்கி, பத்து பத்தாக பிரித்து பேப்பரில் மடித்து எடுத்துப்போவதும் நடக்கிறது. டப்பாவின் மூடியிலோ உட்சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் மருந்து இருக்கிறது. அதை விட்டு வெளியே வந்த ஸ்டிரிப் கெட்டுப்போன மாதிரிதான்.

இன்னும் சில கூத்து உண்டு. மெஷினில் 'ஹெச்.ஐ.' என்று ஆங்கிலத்தில் வந்தால் அது ஹாய் சொல்லவில்லை. சர்க்கரை 500, 600-ஐ தாண்டி அளக்க முடியாத உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம். சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் இருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வரும் மெஷின் 7, 8, 11 என்று காட்டும். அங்கே வேறு அளவுகோல். வந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் ஊர் கணக்கு வரும். 7 என்றால் 126.

கிட்னி நோயாளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வயிற்றில் திரவம் ஏற்றி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்கள் சிலருக்கு ஐகோடெக்ஸ்டிரின் என்ற பொருள் கலந்த பை தருவார்கள். ஒரு குறிப்பிட்ட வகை என்சைம் தடவிய ஸ்டிரிப், இதில் இருந்து வரும் வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணி ஏகத்துக்கு கூட்டிக் காட்டிவிடும். அதை நம்பி இன்சுலின் போட்டதில், 1997 முதல் 2009 வரை இந்த ஸ்டிரிப் தொடர்பாக 13 சாவு குறித்து தகவல் வந்ததாக அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை 2009-ல் எச்சரித்தது. இப்போது வரும் ஸ்டிரிப் பெரும்பாலும் வேறு வகை. இருந்தாலும் வீட்டு டயாலிசிஸ் நோயாளிகள் மெஷின் வாங்கும் முன் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

லேப் மட்டும் யோக்கியமா?

இவ்வளவு படித்துவிட்டு லேப் ரிப்போர்ட்டை கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் அதுவும் தப்பு.

லேப் மெஷின் பெரிது. அளவு தெரிந்த திரவத்தை வைத்து தினமும் சரிபார்க்கிறார்கள். ஒழுங்காக நடத்தினால் பிழை ரொம்பக் குறைவு. ஆனால் ரத்தம் அந்த மெஷினுக்குப் போய்ச் சேரும் வரைதான் சிக்கல். குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் சும்மா வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். வெப்பம் கூடினால் இன்னும் வேகம்.

இதைத் தடுக்க சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் புளோரைடு மருந்து இருக்கும். அதுவும் போட்ட உடனே வேலை செய்யாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும். இப்போது பல ஊர்களில் இருப்பது லேப் இல்லை, ரத்தம் சேகரிக்கிற சென்டர். காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் பையனின் பைக்கில் ஊர் ஊராக சுற்றி மதியம் மெயின் லேப்புக்குப் போனால், காலையில் 135 இருந்தது 120 என்று ரிப்போர்ட்டில் வரலாம். 126-ல் இருந்து சர்க்கரை நோய் என்பது கணக்கு. நோய் உள்ளவர் 'இல்லை' என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். இது மெஷின் பிழையைவிட மோசம். ஏனென்றால் பேப்பரில் அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ரத்தம் கொடுக்கும்போது 'இங்கேயே பிரிக்கிறீங்களா, வெளியே அனுப்புறீங்களா, எந்த மூடி குழாய்?' என்று கேட்பதில் தப்பே இல்லை. காசு கொடுக்கிறவர் கேட்கலாம்.

வாட்ச் சொல்லும் சுகர்

சுகர் மெஷினாவது ஒரு தர விதிக்குள் வருகிறது. விரலே குத்த வேண்டாம், வாட்ச் கட்டினால், மோதிரம் போட்டால் சுகர் காட்டும் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை நம்பவே கூடாது. அப்படி தோலைத் துளைக்காமல் தானாகவே அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை அறிவித்தது.

ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான டெஸ்ட் என்று ஊரை ஏமாற்றிய கதையும் அமெரிக்காவில் நடந்ததுதான். எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண் 2003-ல் தெரனோஸ் என்ற கம்பெனி தொடங்கினார். அதன் மதிப்பு 900 கோடி டாலர் வரை போனது. மெஷின் சொன்னபடி வேலை செய்யவில்லை, பல டெஸ்ட்டுகளை மற்ற கம்பெனிகளின் சாதாரண லேப் மெஷினில் பார்த்தார்கள் என்று 2015-ல் ஒரு பத்திரிகை போட்டு உடைத்தது. 2016-ல் தன் மெஷின் 2 ஆண்டு கொடுத்த முடிவுகளை கம்பெனியே ரத்து செய்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் 2022 நவம்பரில் ஹோம்சுக்கு 11 ஆண்டு 3 மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

கொரோனா காலத்தில் வீடு வீடாக வாங்கிய விரல் ஆக்சிஜன் கருவியும் இதே கதைதான். அது தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது நிஜத்தில் 88-க்கும் கீழ் இருந்தது வெள்ளையர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. கறுப்பர்களில் நூற்றுக்கு கிட்டத்தட்ட 12. கருத்த தோல் உள்ளவர்கள் நிறைந்த நம் ஊரில் இது பெரிய பேச்சாகவே ஆகவில்லை என்பதுதான் ஆச்சரியம். பிரஷர் மெஷினில் கைப்பட்டை முக்கியம். 2023-ல் வந்த ஒரு ஆய்வில், பெருத்த கைக்கு சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு சுமார் 20 பாயிண்ட் கூடுதலாக காட்டியது.

வீட்டிலேயே சோதிக்கலாம்

மெஷின் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த தடவை லேப்புக்குப் போகும்போது வெறும் வயிற்றில் போங்கள், மெஷினையும் கொண்டுபோங்கள். கையில் ரத்தம் எடுத்து முடித்த 5, 10 நிமிடத்துக்குள், கை கழுவி விரலில் பார்த்து எழுதி வையுங்கள். லேப் எண் வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கு எடுங்கள், அதோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். லேப்பில் 140 என்றால் 14-ம் 7-ம் சேர்ந்து 21. மெஷின் 119-க்கும் 161-க்கும் நடுவில் காட்டியிருந்தால் சரி. தாண்டினால் ஒரே தடவையில் மெஷினைத் தூக்கி எறிய வேண்டாம். புது ஸ்டிரிப் போட்டு இன்னும் இரண்டு தடவை லேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போதும் ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதி வந்தால், ஒரு நாள் எண்ணைவிட ஒரு மாத வரிசை டாக்டருக்கு உதவும். மெஷின் 15 பாயிண்ட் கூட்டிக் காட்டினாலும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் நோய் இருக்கிறதா இல்லையா என்று முதல் தடவை முடிவு செய்வதும், மாத்திரையில் இருந்து இன்சுலினுக்கு மாற்றுவதும் லேப் ரத்தத்தை வைத்துத்தான் நடக்க வேண்டும். வீட்டு வாசலில் பார்த்த சுகர் கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நரம்பு ரத்தம் கொடுத்து உறுதி செய்துகொள்வதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. 3 மாத சராசரி காட்டும் டெஸ்ட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ரத்த சோகை இருந்தால் அந்த டெஸ்ட்டும் தள்ளாடும் என்பதால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சுகர் மெஷின், பிரஷர் மெஷின் எல்லாம் 2021 ஜனவரி 1-ந்தேதி முதல் மருந்து சட்டத்துக்குள் வந்துவிட்டன. தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் அரசு அனுமதி வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் இந்தக் கருவிகளுக்கு வியாபார லாபம் 70 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பும் போட்டார்கள். கருவி தப்பாக காட்டி பாதிக்கப்பட்டால் புகார் செய்ய மத்திய அரசின் மருத்துவ கருவி கண்காணிப்பு திட்டம் 2015 முதல் இருக்கிறது. நோயாளியே நேரடியாகப் புகார் செய்யலாம். அதற்கு கருவியின் பெயர், மாடல், ஸ்டிரிப் டப்பாவில் உள்ள பேட்ச் எண் எல்லாம் வேண்டும். நம் ஆட்கள் முதல் வேலையாக குப்பையில் போடுவது அந்த டப்பாவைத்தான்.